வயல் நண்டின் வம்சாவளி: கேள்வி பதில்

கண்மாய், கிணறு, வயல்களில் வாழும் நண்டு, இறால் இனங்களைப் பற்றி மதுரை வட்டார உறுப்பினர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் நம் குழுவின் விலங்கியல் ஆசிரியர்.

சோழவந்தான் விவசாயி: சார், எங்கள் வரப்பில் வளை தோண்டும் நண்டு கடலிலிருந்து வைகை வழியாக ஏறி வந்ததா?

இல்லைங்க. கடல் நண்டின் முட்டையிலிருந்து வரும் இளம் உயிர் நண்டு மாதிரியே இருக்காது. கடலில் மிதந்து, பலமுறை தோலுரித்த பிறகுதான் நண்டாகும். வயல் நண்டுக்கு அந்த மிதக்கும் பருவமே கிடையாது. முட்டைகள் குறைவு, ஆனால் பெரியவை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து குட்டி நண்டாகவே பொரியும். கொஞ்ச நாள் தாயின் வயிற்று மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடலின் தயவே தேவைப்படாத குடும்பம் இது. ஓர் இனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் முதலில் அதன் குஞ்சைத்தான் பார்ப்பேன்.

மேலூர் கல்லூரி மாணவி: அப்படியானால் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டமான கோண்டுவானா உடைந்தபோதே இந்தியாவோடு சேர்ந்து வந்துவிட்டதா?

நன்னீர் நண்டுகள் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா எங்கும் இருப்பதால் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் வயல் நண்டின் குடும்பத்தை டி.என்.ஏ. வைத்து ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வோ, அது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஈயோசீன் காலத்தின் நடுப்பகுதியில்தான், அதாவது 4 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இங்கே வந்தது என்கிறது. வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியா ஆசியாவோடு முழுதாக முட்டுவதற்கு முன்பே தென்கிழக்கு ஆசியாவுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். மிதக்கும் குஞ்சு இல்லாத நண்டு அகன்ற கடலைத் தாண்டாது என்பதால் எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

இலங்கையைப் பாருங்கள். அங்கே சுமார் 50 நன்னீர் நண்டு இனங்கள். ஏறக்குறைய எல்லாமே அந்தத் தீவுக்கு மட்டுமே உரியவை. இத்தனைக்கும் பனியுகங்களில் கடல் வற்றி, இந்தியாவும் இலங்கையும் பலமுறை ஒட்டியிருந்தன; சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்வரைகூட நடந்தே போயிருக்கலாம். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். மலையோடை நண்டு கொழுத்தாலும் ஓடையை விட்டுப் போகாது. இடையில் கிடக்கும் வறண்ட சமவெளி அதற்குக் கடல் மாதிரி. அதனால் சிறுமலை, அழகர்மலைப் பக்கம் போனால் ஓடை நண்டை 'நம்ம வயல் நண்டுதானே' என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

வாடிப்பட்டியிலிருந்து ஒருவர்: கண்மாயில் ஆற்று இறால் குஞ்சு விட்டோம். நன்றாக வளர்ந்தது, ஆனால் பெருகவே இல்லையே?

பெருகாது, அண்ணே. பெரிய நன்னீர் இறால் கடலிலிருந்து நன்னீருக்குப் பாதிதான் குடிபெயர்ந்த உயிர். வாழ்வது ஆற்றில், அதன் இளம்பருவம் பிழைக்க உப்புக் கலந்த முகத்துவார நீர் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவில் ஷாவோ வென் லிங் இதைக் கண்டுபிடித்த பிறகுதான் குஞ்சுப் பொரிப்பகங்களே வந்தன. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கித்தான் விட வேண்டும்.

உசிலம்பட்டி ஆசிரியர்: மழை பெய்து சில நாளில் குட்டையில் மல்லாந்து நீந்தும் பூச்சி எது?

பூச்சி இல்லை, தேவதை இறால். அதன் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, நனைந்ததும் பொரியும். காற்றிலும் பறவையின் காலிலும் ஊர்மாறும் என்பதால் அதற்கு எல்லையே இல்லை. மீன் இருக்கும் நீரில் மட்டும் பிழைக்காது. இதன் தூரத்து உறவு ஒன்று ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறது.

மேலூர் மாணவி மீண்டும்: கோண்டுவானாவிலிருந்து வந்தது என்று சொல்ல நம் நாட்டில் எதுவுமே இல்லையா, சார்?

இருக்கிறதே! காசியில் கிணற்று நீரில் பிடித்து 1950இல் பெயர் வைத்த நிக்கோல்சியா என்ற, நண்டு இறாலுக்குத் தூரத்து உறவான சிறு உயிர். நிலத்தடி நீரிலேயே வாழ்வது. அதன் சொந்தக்காரர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறார்கள். நீங்கள் தேடும் பழைய பயணி அதுதான்.

கே.கே. நகர்: மீன் தொட்டியில் கிரேஃபிஷ் (சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிர்) பெருத்துவிட்டது. வண்டியூர் கண்மாயில் விடலாமா?

வேண்டவே வேண்டாம். மடகாஸ்கரில் உண்டு, ஆஸ்திரேலியாவில் உண்டு. இந்தியாவுக்குச் சொந்தமான கிரேஃபிஷ் ஒன்றுகூடக் கிடையாது. நம் நண்டுகளுக்கு அதோடு பழக்கமே இல்லை. பளிங்குக் கிரேஃபிஷ் என்றால் ஆணே இல்லாமல் பெருகும். வெளியிலிருந்து போய் மடகாஸ்கரில் பரவி அது படுத்தும் பாடு ஊரறிந்தது. தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.