பாம்புப் பெட்டிக்குள் பாறைச் சுவர் கட்டலாமா?

கேள்வி: ஒரு வயதுள்ள கார்ன் ஸ்நேக் ஒன்றை, வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறேன். அதற்கு நான்கடி நீளத்தில் மரப்பெட்டி செய்து, பின்சுவர் முழுவதும் தெர்மாகோலைப் பாறை போலச் செதுக்கி ஒட்டவும், வெளியில் பொறுக்கிய கிளைகளையும் கற்களையும் வைக்கவும் எண்ணியிருக்கிறேன். எந்தப் பசையும் பூச்சும் பாதுகாப்பானவை? பாம்பு எந்நேரமும் ஒளிந்தே கிடப்பதால், புதிய பெட்டியில் மறைவிடங்களைக் குறைத்துவிட்டால் வெளியே வருமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்கான விடையைப் பொறுத்தே அமையும். மறைவிடங்களைக் குறைத்தால் பாம்பு வெளியே வராது. மிஞ்சிய ஒன்றைவிட்டு நகராமல் கிடக்கும், இரையைக்கூட மறுக்கலாம். பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மறைப்பு விட்டுப்போகாமல் தொடர்ந்தால்தான், எந்த நொடியும் பதுங்கிக்கொள்ளலாம் என்ற நிலையில் அது உலவத் தொடங்கும். ஆகவே வெப்பமான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று எனக் குறைந்தது இரண்டு பதுங்கிடங்கள் வேண்டும். ஒன்றுதான் இருந்தால், உடல்வெப்பமா பாதுகாப்பா என்று பாம்பு ஒன்றை விட்டுக்கொடுக்க நேரிடும். சுருண்டு படுக்கும்போது உடல் சுவர்களில் உரசும் அளவுக்கு அவை நெருக்கமாக இருக்கட்டும். சட்டை உரிக்கும் காலத்துக்காக, ஈரப் பாசி நிரப்பிய சிறு டப்பா ஒன்றையும் வையுங்கள். இடைப்பட்ட வெளியைக் கார்க் மரப்பட்டையும் இலைக்கொத்துகளும் நிரப்பட்டும்; அவை பிளாஸ்டிக்காக இருந்தாலும் பாம்புக்குக் குறையில்லை.

வளர்ந்த கார்ன் ஸ்நேக் பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. வரை நீளும். உடலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பது என் கருத்து. எனவே 120 செ.மீ. என்பதைக் குறைந்தபட்ச நீளமாகக் கொண்டு, இடமிருந்தால் ஐந்தடியாகவே செய்துவிடுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும் என்பதால் பிளைவுட் மேலானது. உட்புறம் முழுவதும், வெட்டு விளிம்புகள் உட்பட, நீர் கலந்து பயன்படுத்தும் பாலியூரித்தேன் வார்னிஷை மூன்று முறை பூசுங்கள். தொட்டால் ஒட்டாதது மட்டும் போதாது. பெட்டியை ஒரு நாள் மூடிவைத்துத் திறக்கும்போது மூக்குக்கு எந்த வாசனையும் எட்டக் கூடாது, அதற்குச் சில வாரங்கள் ஆனாலும் பொறுத்திருங்கள். மூலைகளைப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத தூய சிலிகான் பசையால் அடையுங்கள்.

கண்ணாடித் தொட்டியிலிருந்து மரப்பெட்டிக்கு மாறும் பலர் தவறுவது வெப்ப ஏற்பாட்டில்தான். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே தொட்டிக்கு அடியில் வைத்த ஹீட் மேட்டை (மின்சாரத்தால் சூடேறும் விரிப்பை)ப் பிளைவுட் தரைக்கு அடியில் வைத்தால் பயனில்லை. மேலிருந்து வெப்பம் தரும் விளக்கோ செராமிக் ஹீட்டரோ பொருத்தி, பாம்பு சுற்றிக்கொள்ள முடியாதபடி கம்பிக்கூடு இட்டு, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணையுங்கள். வெப்பப் பக்கத்தில் 29–32 டிகிரி செல்சியஸும், குளிர்ந்த பக்கத்தில் 21–24 டிகிரியும் இருந்தால் சரி. காற்றுத் துளைகளை ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் வைத்தால், சூடேறிய காற்று மேலே வெளியேறத் தூய காற்று தானாகவே உள்ளே வரும். தலை நுழையும் இடுக்கில் உடலும் நுழைந்துவிடும் என்பதால், தள்ளுகதவுக் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடைவெளியை மறக்காமல் அடைத்துவிடுங்கள்.

இனி உங்கள் பாறைச் சுவர். அதைச் செய்யுங்கள்; ஆனால் பெட்டியின் சுவரில் ஒட்டாதீர்கள். கழிவு வழிந்து இறங்கினாலோ உண்ணிகள் குடியேறினாலோ, ஒட்டிய சுவரைப் பெயர்க்காமல் சுத்தம் செய்ய முடியாது. இரண்டு மூன்று தனிப் பலகங்களாகச் செய்து, திருகாணியால் இறுகப் பொருத்துங்கள். கரைப்பான் கலந்த பசையும் தெளிப்பு வண்ணமும் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஆகவே நீர் கலக்கும் வகைகளையே பயன்படுத்துங்கள். செதுக்கி முடித்தபின், தரை ஓடுகளின் இடுக்கில் பூசும் கிரவுட்டை முதலில் நீர்க்கவும் பிறகு கெட்டியாகவும் மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின், பூசினால் பாறையின் சொரசொரப்பும் உறுதியும் ஒருங்கே கிடைக்கும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணமும் வார்னிஷும் போதும். பலகத்துக்குப் பின்னே விரல் நுழையும் சந்து இருந்தாலும், பாம்பு நிரந்தரமாக அங்கேயே குடியேறிவிடும். விளிம்புகளைத் துல்லியமாக வெட்டுங்கள். விளக்கின் அருகே தெர்மாகோல் வேண்டவே வேண்டாம், அது எளிதில் இளகித் தீப்பற்றக்கூடியது. நான் பார்த்த அழகான பாறைச் சுவர்கள் பலவற்றில் பாம்பு தங்குவதற்கு ஒரு திட்டுகூட இருந்ததில்லை. உங்களுடையதில் அதன் எடையைத் தாங்கும் அகலமான படிகள் இரண்டாவது இருக்கட்டும்.

வெளியில் எடுத்த கிளைகளில் பிசின் வடிவனவற்றை ஒதுக்குங்கள். செடார் மரத்தின் நறுமண எண்ணெய் பாம்பின் மூச்சுக்குக் கேடு, அதன் சீவலையும் தரையில் பரப்பக் கூடாது. மற்றவற்றைத் தேய்த்துக் கழுவி, 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனுக்குள், பக்கத்திலேயே நின்று கவனித்தபடி, அரைமணி நேரம் வைத்து எடுங்கள். கற்களை அப்படிச் சூடாக்காதீர்கள், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். கிருமிநாசினியில் ஊறவைத்து நன்றாக அலசினால் போதும். கனமான கல்லைத் தரைப்படுகையின்மேல் அல்லாமல் பெட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றி, அதைச் சுற்றி ஆஸ்பென் மரச்சீவலைப் பரப்புங்கள். கார்ன் ஸ்நேக் தோண்டி நுழையும் இயல்புடையது, தோண்டிய இடத்தில் கல் சரிந்தால் நசுங்கிவிடும். இன்னொன்று: எதை நிலைநிறுத்தவும் பெட்டிக்குள் ஒட்டுநாடா பயன்படுத்தாதீர்கள், அதில் சிக்கிய பாம்பை விடுவிக்கும்போது செதில்களோடு தோலும் உரிந்து வரும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வாரம் பெட்டியை வெறுமையாக ஓடவிட்டு, இரண்டு முனைகளிலும் டிஜிட்டல் வெப்பமானி வைத்துப் பகலிலும் இரவிலும் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைக் குடியேற்றும்போது பழைய பதுங்கிடத்தைக் கழுவாமல் அப்படியே உள்ளே வையுங்கள், பழகிய மணம் அதற்குத் துணையாக இருக்கும். முதல் ஒரு வாரம் கையில் எடுக்காதீர்கள். இரையையும் அதற்குப் பிறகே கொடுங்கள்.