ஸ்பானிய ஜன்னலில் காற்று நுழைந்த கதை

ஸ்பானிய மொழியில் ஜன்னலுக்கு ‘வெந்தானா’ என்று பெயர் (எழுத்தில்தான் ‘வெ’, வாயில் ‘பெ’). அதைப் பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: இத்தாலியில் ஃபினெஸ்த்ரா, பிரெஞ்சில் ஃபெனேத்ர். ஸ்பானியம் மட்டும் ஏன் தனி வழி போனது?

பதில்: அதுவும் அந்த வழியில்தான் கிளம்பியது. லத்தீன் ‘ஃபெனெஸ்ட்ரா’விலிருந்து வந்த ‘ஃபினியெஸ்த்ரா’ பழைய ஸ்பானியத்தில் இருந்தது, அப்புறம் முன்னெழுத்து தேய்ந்து ‘இனியெஸ்த்ரா’ ஆகி மெல்ல வழக்கொழிந்துபோனது. அந்த இடத்தைப் பிடித்த வெந்தானாவுக்கு வேர் லத்தீன் ‘வென்டுஸ்’, அதாவது காற்று. இன்றைக்கும் மூக்குத் துவாரத்தை ‘மூக்கின் வெந்தானா’ என்கிறார்கள்.

கேள்வி: காற்று அங்கே ‘வியெந்தோ’ ஆயிற்றே, ஜன்னல் ஏன் ‘வியெந்தானா’ ஆகவில்லை?

பதில்: அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். லத்தீனின் குறில் எகரம் அழுத்தம் விழுந்தால் ‘இயெ’ என்று உடையும், விழாவிட்டால் அப்படியே நிற்கும். வெந்தானாவில் அழுத்தம் ‘தா’வின் மேல். நிலம் ‘தியெர்ரா’, மண்கட்டி ‘தெர்ரோன்’ என்பதும் இதே கணக்குதான்.

கேள்வி: அட்வென்ச்சர், ஈவென்ட் எல்லாம் இதன் சொந்தமா?

பதில்: இல்லை. அவை ‘வெனீரே’, அதாவது வருதல், என்ற வேறு குடும்பம். வென்டுஸ் வழி வந்தவை வென்டிலேஷன், வென்டிலேட்டர், வென்ட்.

கேள்வி: அப்போ விண்டோ?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. விண்டோ லத்தீனிலிருந்து வரவில்லை, வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘விண்டவுகா’. பொருள், காற்றுக்கண். ஆனால் அதில் உள்ள ‘விண்ட்’டும் வென்டுஸும் ஒரே இந்தோ-ஐரோப்பியப் பாட்டியின், அதாவது லத்தீனுக்கும் நார்ஸுக்கும் பொதுவான மூலமொழியின், பேரப்பிள்ளைகள். ஆக, ஜன்னலைக் காற்றோடு சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இரண்டு இடத்தில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

கேள்வி: ஃபெனெஸ்ட்ரா ஆங்கிலத்துக்கு ஒன்றும் தரவில்லையா?

பதில்: டிஃபெனெஸ்ட்ரேஷன், ஆளை ஜன்னல் வழியே வெளியே எறிவது! 1618இல் பிராக் கோட்டையில் மூன்று பேரை அப்படி எறிந்தார்கள், மூவரும் பிழைத்தார்கள், ஆனால் முப்பதாண்டுப் போர் மூண்டது.

கேள்வி: சரி, நம்ம ஜன்னல்?

பதில்: போர்த்துகீசிய ‘ஜனெலா’. அதன் மூலம் லத்தீன் ‘யானுவா’, கதவு. ஜன்னல் என்றால் குட்டிக் கதவு. ஆங்கில ஜானிட்டரும் (முதலில் வாயில்காப்போன்) அந்த வீட்டுப் பிள்ளைதான். இலங்கைத் தமிழில் இதுவே யன்னல். ஜனெலா கப்பலேறி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ என்று ஒரு சொல் இருக்கிறது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.