ஓராள் சமையல்: செட்டிநாட்டு மூத்தோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் ஆச்சிமாரும் அண்ணன்மாரும் அனுப்பிய கேள்விகள் இவை. மனையியல் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கண்டனூர், 74 வயது): எங்கள் வீட்டுச் செட்டியார் காலமான பிறகு, ஒருத்திக்காக அடுப்பை மூட்ட மனம் வருவதில்லை. இரண்டு வேளையும் மோர்ச்சோறும் ஊறுகாயுமாகப் போகிறது. இது போதுமா, ஆச்சி?

பதில்: போதாது, ஆச்சி. அரை ஆழாக்கு அரிசியில், அதாவது ஏறத்தாழ 70 கிராமில், வடித்த சோற்றோடு ஒரு சிறு கிண்ணம் தயிரைக் கடைந்து ஊற்றினாலும், அந்த வேளைக்குக் கிடைக்கும் புரதம் 8 கிராம் அளவில்தான் நிற்கும். 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 45 கிராம் வேண்டும். வயது ஏற ஏறத் தசை தானாகவே கரைவதால், அதற்குச் சற்றுக் கூடுதலாகவே சாப்பிடுவது நல்லது. எழுந்திருக்கும்போது கை ஊன்ற வேண்டியிருப்பதும், படியேறத் தயங்குவதும் பல நேரங்களில் இந்தக் குறையினால் வருபவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், இரண்டு மேசைக்கரண்டிப் பருப்பில் 6 கிராமுக்கு மேல் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு வேளையிலும் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் குறை பெருமளவு நிரம்பிவிடும்.

மனம் வராததைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணமான மகனை அதே வீட்டில் வேறு வைத்து, தனி அடுப்பும் சாமான்களும் கொடுத்து, ஆண்டுக்கு வேண்டிய அரிசி பருப்பை அளந்துவிடுவது நம் வழக்கம். இரண்டு பேருக்கு உலை வைத்துத்தான் நீங்களும் குடித்தனம் தொடங்கியிருப்பீர்கள். அந்தச் சிறு பாத்திரங்கள் உள்ளறையில் எங்காவது இருக்கும். அவற்றை எடுத்துப் புழங்குங்கள். பெரிய சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டிக் குழம்பைப் பார்க்கும்போது வரும் சலிப்பு, சிறிய சட்டி நிறைந்திருக்கும்போது வருவதில்லை. பித்தளைச் சட்டியாக இருந்தால் மட்டும், ஈயம் பூசாமல் அதில் புளி சேர்க்க வேண்டாம்.

கேள்வி (தேவகோட்டை, 69 வயது): எனக்குச் சமையலே தெரியாது. முதலில் எதைக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: அண்ணன், முதலில் குக்கரில் சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வேக வைக்கப் பழகுங்கள். சிறிய குக்கரின் அடியில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு கிண்ணத்தில் பருப்பையும் தண்ணீரையும், அதன்மேல் இன்னொரு கிண்ணத்தில் அரிசியையும் தண்ணீரையும் வைத்து நான்கு விசில் விட்டால் போதும். ஆளுக்குக் கொஞ்சம்தானே என்று அடித்தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். அது வற்றினால் குக்கர் கெட்டுவிடும்.

இரண்டாவதாக, வெண்டைக்காய் மண்டி கற்றுக்கொள்ளுங்கள். ஓராள் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான பதார்த்தம் நம் பக்கத்தில் இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம். முதல்நாள் இரவு ஒரு கைப்பிடி காய்ந்த மொச்சையை ஊறப்போட்டு, காலையில் குழைய வேக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சோற்றுக்கு அரிசி களையும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து வைக்கவும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஏழெட்டு, பூண்டு நான்கு பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு ஆகியவற்றை வதக்கி, விரல் நீளத்துக்கு நறுக்கிய 100 கிராம் வெண்டைக்காயைப் போட்டு, அதன் வழுவழுப்பு அடங்கும்வரை பொறுமையாகப் புரட்டுங்கள். பிறகு மொச்சையையும் புளித்தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கொதிக்க விட்டால், களைந்த தண்ணீரிலுள்ள மாவே குழம்பைக் கூட்டிக் கொடுக்கும். தேங்காய் அரைக்க வேண்டியதில்லை, மிக்சியைக் கழுவ வேண்டியதுமில்லை. மொச்சை இருப்பதால் புரதமும் சேர்ந்துவிடுகிறது. ஆறியதும் பாதியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் இட்லிக்கோ தோசைக்கோ அது இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி (புதுவயல், 77 வயது): மதியம் மீந்த சோற்றை இரவில் சுடவைத்துச் சாப்பிடலாமா?

பதில்: வெளியிலேயே கிடந்த சோறானால் வேண்டாம். அரிசியில் இயல்பாக இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்து நஞ்சைக் கக்குகின்றன, அந்த நஞ்சு மீண்டும் சுடவைத்தாலும் போகாது. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாளைக்குள் ஒருமுறை மட்டும் ஆவி பறக்கச் சுடவைத்து உண்ணலாம். பழைய சோறு வேண்டுமென்றால், நாளெல்லாம் வெளியில் கிடந்து மீந்ததில் நீரூற்றாமல், ஆறிய புதுச் சோற்றில் ஊற்றி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். புற்றுநோய்க்கோ சிறுநீரகத்துக்கோ சிகிச்சை பெறுபவர்கள் அதையும் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி (கானாடுகாத்தான், 70 வயது): ஓராளுக்கு மாவு அரைத்தால் புளித்துப் போகிறதே?

பதில்: பொங்கியவுடன் குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த நாள் தோசை. அதற்கும் மிஞ்சினால் வெங்காயம் தாளித்துப் போட்டுக் குழிப்பணியாரம். ஒவ்வொரு முறையும் வேண்டியதை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மற்றதை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும்.

கேள்வி (பள்ளத்தூர், 72 வயது): இரத்தக்கொதிப்பு இருக்கிறது. ஊறுகாய், மாவத்தல் (உப்பிட்டுக் காயவைத்த மாங்காய்) இல்லாமல் சோறு இறங்குவதில்லை.

பதில்: ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வயதானால் நாக்கின் சுவையுணர்வும் மூக்கின் மணவுணர்வும் மங்குவதால், நம்மை அறியாமலே உப்பைக் கூட்டிவிடுகிறோம். அதற்குப் பதிலாக மிளகு, சீரகம், சோம்பு, எலுமிச்சை ஆகியவற்றைக் கூட்டுங்கள். மாவத்தலைக் குழம்பில் போடும் நாளில் குழம்புக்குத் தனி உப்பு வேண்டாம். கடையில் கிடைக்கும் பொட்டாசியம் கலந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில இரத்தக்கொதிப்பு மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து.

கேள்வி (காரைக்குடி, 68 வயது): சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்கிறேன். பசியில்லாத இரவில் சாப்பிடாமல் படுத்துவிடலாமா?

பதில்: கூடாது. இன்சுலினும் சில மாத்திரைகளும், வயிறு காலியாக இருந்தால் இரவில் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். தனியாக இருப்பவர் மயங்கினால் விடியும்வரை யாருக்கும் தெரியாமலே போகலாம். அத்தகைய இரவுக்கென்று இரண்டு இடியாப்பமும் ஒரு தம்ளர் பாலுமாவது வைத்துக்கொள்ளுங்கள். பசியின்மை தொடர்ந்தால் மாத்திரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி (சென்னை, தேவகோட்டையில் உள்ள தாயைப் பற்றி மகள்): ஆத்தா இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார்கள். சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: உடனே அப்படிச் சொல்லாதே, அம்மா. சமையலை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறார்கள். நேரம் வைத்தால் தானே அணையும் மின் அடுப்பை வாங்கிக் கொடு. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி முதலில் மருத்துவரைக் கேள். கேஸ் அடுப்பையே வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் ரெகுலேட்டரை மூடுவதைப் பழக்கமாக்கு. மணம் அறியும் திறன் குறைந்தவருக்குக் கசிவு தெரியாது என்பதால், கசிவைக் காட்டும் கருவியைச் சுவரின் கீழ்ப்பகுதியில் பொருத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தங்கும். கசிவு அவசர எண் 1906. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, அடுப்பங்கரையிலல்ல, முகப்பில் ஒட்டிவை. கசியும் வீட்டில் நின்று பேசாமல், வெளியே வந்து பேச வேண்டும் என்பதையும் ஆத்தாவிடம் சொல்லிவை.