பதில்: 1500 ரூபாய்க்குள்ள இயர்பட்ஸ், கால் பேசத்தான்

ப்ரோ, பஸ்ல கால் பேசுறதுக்கு ஏஎன்சி (வெளிச் சத்தத்தைக் குறைக்குற வசதி) இருக்குற மாடல் எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஏஎன்சி உங்க காதுக்கு வர்ற சத்தத்தைத்தான் குறைக்கும், எதிர்ல பேசுறவங்களுக்கு ஹாரன் சத்தம் போகக்கூடாதுன்னா பாக்க வேண்டியது ஈஎன்சி (மைக்ல சுத்துச் சத்தத்தை வடிகட்டுறது), அதுவும் இந்த ரேட்ல சுமார்தான், ஜன்னலோர காத்து அடிச்சா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். பாக்ஸ்ல போட்டிருக்கறத நம்பாம, யூட்யூப்ல ரோட்டுல நின்னு மைக் டெஸ்ட் பண்ணுன வீடியோ தேடிப் பாருங்க. நீங்க சொன்ன 50 மணி நேர பேட்டரி, பட்ஸ வச்சு சார்ஜ் பண்ற கேஸையும் சேர்த்துதான், ஒரு சார்ஜ்ல எவ்ளோ வரும்னு தனியா பாருங்க, கால்னா அதுலயும் குறையும். வேர்வைக்கு ஐபிஎக்ஸ்4 (தண்ணி தெளிச்சா தாங்குற ரேட்டிங்) போதும். கூட வர்ற சிலிகான் டிப்ஸ மாத்திப் போட்டுப் பாருங்க, லூசா இருந்தா பேஸே (பாட்டுல வர்ற கனமான அடிச் சத்தம்) வராது, அதுக்கு பட்ஸ திட்டிப் பிரயோஜனம் இல்ல.