ஊரை ஒட்டி மனைப்பிரிவு வந்தால் முதலில் வாய்க்காலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கிராமத்தை ஒட்டிய வயல்களை பிளாட் போட்டு விற்கிறார்கள். நூறு வீட்டுக்கு மேல் வரும் போலிருக்கிறது. தண்ணீர், சாலை, வடிகால் எல்லாம் ஊர் தாங்குமா? ஊர்க்காரர்கள் என்ன செய்ய முடியும்?

எங்கள் ஊர் தாங்கவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் தாண்டிப் போக முடியவில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்னும் கிராவல் அடிக்கிற நிலைதான் என்று நினைக்கிறேன். கல் நட்டு, தார் போட்டு, வரவேற்பு வளைவு கட்டியிருக்க மாட்டார்கள். அப்படியானால் நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் வளைவு கட்டி முடித்த பிறகுதான் கேட்டோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வீடு வரக்கூடாது என்கிற ஆள் இல்லை. என் தங்கையே வேறொரு ஊரில் இப்படி ஒரு மனை வாங்கித்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறாள். நகரத்தில் வாடகை கொடுத்து மாளாமல் ஒன்றரை சென்ட் இடத்துக்கு வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறவர்கள் யாரும் ஊரைக் கெடுக்க வருவதில்லை. "விற்றதும் உங்கள் ஊர்க்காரர்கள்தானே" என்றும் சிலர் கேட்பார்கள். ஆமாம், விற்றார்கள். மூன்று போகம் காய்ந்து, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி இல்லாமல் விற்றவரை நான் குறை சொல்ல மாட்டேன். நிலத்தை விற்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தின் ஓரமாகப் போன ஓடை அவருடையதும் இல்லை, வாங்கியவருடையதும் இல்லை. என் ஆதங்கம் அதைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் நான்கு வழிச்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஏழு ஏக்கர் நிலம் 2020இல் கை மாறியது. அடுத்த வருடம் 140 மனை. பூமி பூஜைக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்து மாலை போட்டார்கள், கோயிலுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் கேட்க வாய் வரவில்லை.

2021 நவம்பர் மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், தமிழ்நாடு முழுக்க அடித்தது. எங்கள் கீழத்தெருவில் அதுவரை என் அப்பா காலத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை. அந்த மாதம் ஒரே ராத்திரியில் பதினெட்டு வீட்டுக்குள் முழங்கால் அளவு. கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டில் தொட்டிலை உத்தரத்தில் இன்னும் உயரமாக ஏற்றிக் கட்டிவிட்டு, குழந்தையின் அம்மா விடிய விடியத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் எங்கள் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவரைக் கூட்டிக்கொண்டு மேற்கே போனேன். எழுபது வயதைத் தாண்டியவர், முறைக்கு எனக்குப் பெரியப்பா. சாலை ஓரத்தில் ஒரு இடத்தில் நின்றார். கையிலிருந்த மண்வெட்டிக் காம்பைக் கிராவலில் ஊன்றி, "இங்கதான்ப்பா. இதுக்கு அடியில எட்டடி அகலத்துல ஓடை போகுது. மேக்க பெய்யுற மழையெல்லாம் இதுல இறங்கித்தான் கண்மாய்க்குப் போகும். நான் முப்பது வருசம் முள்ளு வெட்டுன எடம்" என்றார். ஓடைக்கு மேலே மண் கொட்டி, அதன் மேல் முப்பது அடி சாலை போட்டிருந்தார்கள். தண்ணீர் போக வழி விட்டிருக்கிறார்களா என்று சரிவில் இறங்கிப் பார்த்தேன். விட்டிருந்தார்கள். ஒன்பது அங்குலத்தில் ஒரே ஒரு பி.வி.சி. குழாய். அதன் வாயில் கருவேல முள்ளும் இரண்டு சிமெண்ட் சாக்கும் அடைத்துக்கொண்டிருந்தன. பெரியப்பா காலால் சாக்கை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஏறி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் இப்போதே செய்ய வேண்டும் என்கிறேன். சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு 'அ' பதிவேட்டையும் (எந்த எண் யாருடையது, என்ன வகை நிலம் என்கிற வருவாய்த்துறைப் பதிவு) புலப்படத்தையும் (அந்த எண்ணின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்) எடுங்கள். இரண்டையும் அரசின் இணைய சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். எங்கள் விஷயத்தில் ஓடைக்குத் தனி உட்பிரிவு எண்ணே இருந்தது, 'அரசு புறம்போக்கு, ஓடை' என்று தெளிவாக எழுதியிருந்தது. அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைக் கேட்டேன். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். எனக்கு மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. வந்த வரைபடத்தில் ஓடை அப்படியே நீலக் கோட்டில் இருந்தது! குறுக்கே பாலம் கட்ட வேண்டும் என்று நிபந்தனையும் இருந்தது. காகிதத்தில் தப்பே இல்லை. தரையில்தான் ஒன்பது அங்குலக் குழாய்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "நகர் ஊரமைப்பு ஒப்புதல் வாங்கியாச்சு, ரெரா பதிவு இருக்கு, அப்புறம் என்ன?" என்று ஊரில் படித்தவர்களே கேட்கிறார்கள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். ஒப்புதல் இருப்பது நல்லதுதான். அங்கீகாரம் இல்லாத மனைகள் எத்தனை ஆயிரம் குடும்பங்களை அலையவிட்டன என்று 2016இல் பார்த்தோம். அந்தச் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. பிறகு 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன, 20.10.2016க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்கு மட்டும். ஆனால் ஒப்புதல் என்பது வரைபடத்துக்குக் கிடைப்பது. வரைபடத்தில் உள்ளபடிதான் மண் அடிக்கிறார்களா என்று தினமும் பார்க்கக்கூடிய ஆட்கள் அங்கேயே குடியிருக்கிற நீங்கள்தான்.

அதே வரைபடத்தில் பொது ஒதுக்கீட்டு இடம் எங்கே என்று பாருங்கள். ஓ.எஸ்.ஆர். என்பார்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதற்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போக முடியாது, இடமாகவே தர வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் கொடுத்தார்கள். எந்த இடம் தெரியுமா? ஏழு ஏக்கரில் ஆகப் பள்ளமான மூலை. பழைய கிணறு ஒன்றைத் தூர்த்த இடம். இன்றைக்கும் மழை விட்டால் பத்து நாள் தண்ணீர் நிற்கிறது, ஒரு ஊஞ்சல்கூட நட முடியவில்லை. தானப் பத்திரம் பதிவாவதற்கு முன் யாராவது ஒருவர் போய் நின்று பார்த்திருந்தால் போதும்.

தண்ணீர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். எங்கள் கிராமத்தில் சுமார் 1,100 பேர், 60,500 லிட்டர் வேண்டும். எங்கள் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர், இரண்டு முறை ஏற்றினால் ஏறக்குறைய சரியாகப் போகும். அதில் 140 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று சேர்த்தால் இன்னும் 30,800 லிட்டர். அதாவது இன்னொரு தொட்டித் தண்ணீர். அதற்கு மூன்றாவது முறை மோட்டார் ஓட்ட வேண்டும். கோடையில் கிணற்றில் ஊறுவது இரண்டாவது முறைக்கே போதவில்லை. டேங்க் ஆபரேட்டர் பாவம், இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறார். "எங்க தொட்டித் தண்ணிய புது ஆளுங்களுக்கு விடுறான்" என்று பழைய தெருவிலும், "வரி கட்டுறோம், வாரத்துக்கு ரெண்டு நாள்தான் தண்ணி" என்று புதுத் தெருவிலும்.

இதற்கெல்லாம் ஊராட்சியிடம் பணம் எங்கே என்று கேட்டால், மானியம் தலைக்கணக்குப் பார்த்து வருகிறது. அந்தத் தலைக்கணக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் எடுக்க வேண்டியதை அந்த வருடம் எடுக்கவில்லை. ஆக எங்கள் ஊரில் புதிதாகக் குடிவந்த 500 பேர் குடிக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள், தெருவிளக்கு கேட்கிறார்கள், ஆனால் மானியக் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை. தூய்மைக் காவலர்கள் அன்றைக்கும் இரண்டு பேர், இன்றைக்கும் அதே இரண்டு பேர். இதை அதிகாரிகளின் சோம்பல் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

இனி கிராம சபை. எங்கள் ஊராட்சியில் நாலு குக்கிராமம் சேர்ந்து மூவாயிரத்துக்கு மேல் மக்கள், அதனால் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 200 பேர். 2022 மே 1 கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தோம். ஓடை விஷயத்தைச் சொல்லிப் புலப்படத்தை விரித்து வைத்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். புதுத் தெருவில் முதலில் வீடு கட்டியவர். "அண்ணா, நாங்களும் கை தூக்கலாமா? எங்க வீட்டுப் பின்னாலயும் தண்ணி நின்னுச்சு. யாரும் எங்களக் கூப்பிடல" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உண்மையில் நாங்கள் அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. அவர்களைப் பகையாளியாகவே நினைத்து வைத்திருந்தோம்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். புதுத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டு இன்னும் நகரத்தில் பழைய வாடகை வீட்டு முகவரியில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. விண்ணப்பம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று அன்றைக்கே சொல்லி, பிறகு நாற்பது பேருக்கு எழுதிக் கொடுத்தோம். இப்போது அதற்குப் படிவம் 8. உங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள்.

தீர்மானம் நிறைவேறியது. வாயால் நிறைவேறினால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறி எண் வாங்க வேண்டும். நாங்கள் எழுதி முடிக்கிற வரை எழுந்திருக்கவில்லை. அந்த எண்ணைப் போட்டு வட்டாட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஆட்சியரின் குறைதீர் கூட்டம் என்று ஏழு மனு. சர்வேயர் வந்து அளந்து கல் போட எட்டு மாதம். 2023 ஆகஸ்டில் குழாயை எடுத்துவிட்டு இரண்டு வரிசை பெரிய ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டார்கள். பாலம் இல்லைதான், ஆனால் அதற்குப் பிறகு கீழத்தெருவில் தண்ணீர் ஏறவில்லை. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு இப்போது ஊர் பெயர் இல்லை. வளைவில் எழுதியிருக்கிற அந்த நகரின் பெயரைத்தான் நடத்துநர் சொல்கிறார். கைபேசி வரைபடத்திலும் அந்தப் பெயர்தான் பெரிதாக வருகிறது. கண்மாய்க் கல்வெட்டில் இருக்கிற பெயர் எங்கள் ஊருடையது. பார்சல் கொண்டு வருகிற பையன் போனில், "அந்த நகருக்குப் பின்னாடி இருக்கற வீடுங்களா?" என்று கேட்கிறான். அவன் மேல் தப்பில்லை. பின்னாடி இருப்பது அந்த நகர்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். இன்னொரு தடை உங்களுக்கு இருக்கலாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டம் என்றால் அப்போது வந்த தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்துவிட்டது. அதன் பிறகு தனி அலுவலர் நிர்வாகம். அவர் ஒருவர் கையில் பல ஊராட்சிகள், நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. எங்களுக்காவது திட்டவும் கெஞ்சவும் ஒரு தலைவர் எதிர்வீட்டில் இருந்தார். அப்படி ஒருவர் இல்லையென்றால் கிராம சபை நாள்களை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அடுத்து எது வருகிறதோ அதற்குள் புலப்படம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் நீர் பாய்ச்சிய பெரியவர் யாராவது இருப்பார். கிராவல் லாரி அடுத்த நடை வருவதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், ஓடை போகிற இடத்தைக் கைகாட்டச் சொல்லி வீடியோ எடுத்து வையுங்கள். எங்கள் பெரியப்பாவை நான் அப்படி எடுக்கவில்லை.