மிதவை வேலைக்கு மகளை அனுப்பலாமா? அதற்கு முன் கான்ட்ராக்டைப் படியுங்கள்

அன்புள்ள அம்மா,

செம்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மகள் எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. முடித்திருக்கிறாள். நவி மும்பையில் ஒரு தனியார் நிறுவனம் அவளை எடுத்திருக்கிறது. அரசுத் திட்டம் ஒன்றுக்காகக் கடலில் நிறுத்தியுள்ள, அலையையும் உப்பையும் அளக்கும் மிதவைகளைப் பராமரிக்கும் வேலை, இரண்டு வருட கான்ட்ராக்ட். "இது கவர்ன்மென்ட் வேலையா, பிரைவேட் வேலையா என்றே புரியவில்லை, பாங்க் பரீட்சை எழுதச் சொல்லலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் இந்தத் துறையில் 'கவர்ன்மென்டா பிரைவேட்டா' என்ற கேள்வியை வைத்து முடிவெடுத்தால் தவறாகத்தான் போகும். பணம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு வரும், கருவி போனால் யார் தலையில் விழும் என்பவைதான் உங்கள் மகளின் சம்பளத்தைத் தீர்மானிக்கும்.

கடலை அளப்பது மும்பைக்குப் புதிதில்லை. அப்பல்லோ பந்தரில் 1878 முதல் கடல்மட்டம் பதிவாகியிருக்கிறது. இன்று வர்சோவாவில் ஒரு கோலி மீனவருக்கு அலை உயரம் பற்றிய எச்சரிக்கை வருகிறது என்றால், அதற்கு அவர் காசு கொடுப்பதில்லை. ஹைதராபாத்தில் 1999-இல் தொடங்கிய இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் அதை இலவசமாகத் தருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு 2007-இல் அங்கேயே அமைந்த சுனாமி எச்சரிக்கை மையமும் அப்படித்தான். எல்லோருக்கும் வேண்டிய தகவல், ஆனால் கடைச் சரக்கு மாதிரி காசு கொடுத்து வாங்க ஆள் கிடையாது. அதனால் செலவு அரசுடையது. கருவி செய்வது, படகு கொண்டுபோவது, பழுது பார்ப்பது போன்ற வேலைகளில் பெரும்பகுதி தனியாரிடம் போகிறது. ஆர்கோ என்ற உலகத் திட்டத்தைப் பாருங்கள். சுமார் 30 நாடுகள் சேர்ந்து கிட்டத்தட்ட 4,000 தானியங்கி மிதவைகளைக் கடலில் விட்டிருக்கின்றன. அவற்றை வாங்கிக் கடலில் விடுவது பெரும்பாலும் அரசு நிறுவனங்கள், தயாரிப்பது பெரும்பாலும் தனியார் கம்பெனிகள்.

இந்தக் கூட்டு ஏற்பாடு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றில், கருவி அரசுடையது, பராமரிப்பு மட்டும் நிறுவனத்துடையது. உங்கள் மகளுக்கு வந்திருப்பது இது. இன்னொன்றில் கருவியும் நிறுவனத்துடையதே, அரசு தரவை மட்டும் விலைக்கு வாங்கும். அமெரிக்காவில் செயில்ட்ரோன் என்ற நிறுவனத்தின் ஆளில்லாப் படகு 2021-இல் 'சாம்' சூறாவளிக்குள்ளேயே நுழைந்து அளந்து, அந்த நாட்டு அரசு நிறுவனமான நோவாவுக்கு விவரம் அனுப்பியது இந்த வகை. மூன்றாவது, அரசு ஆய்வகம் உருவாக்கிய நுட்பத்தை லைசென்ஸ் எடுத்துத் தனியார் தயாரிப்பது. சென்னை பள்ளிக்கரணையில் 1993-இல் தொடங்கிய தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.டி., இப்படி நுட்பங்களைக் கைமாற்றுகிறது. வர்சோவாவில் கரையேறும் இன்டர்நெட் கேபிள்களைப் போன்றவற்றிலேயே வெப்ப, அழுத்த சென்சார்களைப் பொருத்தும் முயற்சியும் உலக அளவில் நடக்கிறது. மகளுக்கு அது பின்னால் பயன்படலாம், இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

பராமரிப்பு கான்ட்ராக்டில் பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். மாதத்துக்கு இத்தனை சதவீதம் தரவு கரைக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஒரு பேச்சுக்கு 90 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு பதிவு என்றால் 30 நாளில் 720 பதிவு. 648 வந்தால் முழுப் பணம். அதாவது மாதம் முழுவதற்கும் 72 மணி நேரம்தான் சலுகை. மிதவை வாயடைத்துப்போய், படகு கிடைக்க நாலு நாள் ஆனால் அந்த மாதம் அபராதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் அரபிக்கடலில் சின்னப் படகு பல நாட்கள் போகவே முடியாது. அந்த மாதங்களுக்கு விலக்கு உண்டா இல்லையா என்பது கான்ட்ராக்டில் ஒரே ஒரு வரிதான். அது இல்லாவிட்டால் நிறுவனம் கையைச் சுட்டுக்கொள்ளும்.

மிதவை தொலைந்துபோவதும் அப்படித்தான். ஆழ்கடலில் நிழல் விழும் எந்தப் பொருளுக்கும் கீழே மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும், வலையும் தூண்டில் கயிறும் நங்கூரக் கயிற்றில் சுற்றிக்கொள்ளும். சிக்கிய வலையை மீட்கக் கயிற்றை அறுப்பார்கள். சோலார் பேனலும் பேட்டரியும் களவு போவது உலகம் முழுக்க உள்ள தலைவலி. மீனவர்களை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மிதவை அவர்களுக்கே அலை விவரம் சொல்கிறது என்று யாராவது மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்னும்போது, முதலில் வெட்டுப்படுவது இந்தச் செலவுதான். மிதவை போனால் புதிது வாங்குவது அரசா, நிறுவனமா, இன்ஷூரன்ஸா என்பது எழுத்தில் இல்லாத கான்ட்ராக்டில், ஒரு புயலோ ஒரு திருட்டோ சின்ன நிறுவனத்தைச் சாய்த்துவிடும். அடுத்த மாதச் சம்பளம் தாமதமாகும்.

எனவே ஹெச்.ஆரிடம் மகள் மின்னஞ்சலில் கேட்கட்டும்: அரசு தந்த வேலை ஆணை எந்தத் தேதியில் முடிகிறது, அதில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி, மழைக்கால விலக்கு உண்டா, அந்த நாலு மாதம் ஊழியர்களுக்கு முழுச் சம்பளமா, அரைச் சம்பளமா, அல்லது வீட்டில் இருக்கச் சொல்வார்களா. இரண்டு வருட நியமனம் தந்துவிட்டு, வேலை ஆணையில் ஒன்பது மாதம்தான் பாக்கி என்றால் அது ஒன்பது மாத வேலை. பாண்டு எழுதிக் கேட்டால், திட்டம் நின்றுபோனால் பாண்டும் ரத்து என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம். விலையும் லாபமும் கேட்டால் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் ரகசியம். இந்த நாலு விஷயத்தைச் சொல்ல மறுத்தால் யோசிக்க வேண்டும்.

"அரசு ஆய்வகத்திலேயே சேர்ந்தால் நிரந்தரம்தானே" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அங்கேயும் புதியவர்களுக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை ப்ராஜெக்ட் சயின்டிஸ்ட், ப்ராஜெக்ட் அசோசியேட் மாதிரியான கான்ட்ராக்ட் பதவிகள், திட்டத்தோடு சேர்ந்து முடிபவை. 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. தொகை பெரிது, ஆனாலும் ஆண்டுக் கணக்கு உண்டு. நிரந்தர விஞ்ஞானிப் பதவிக்கு விளம்பரம் எப்போதாவதுதான் வரும். அப்போது மிதவையைத் திறந்து மூடிய கைக்கு மதிப்பு உண்டு.

அந்தக் கை எப்படிப் பழக வேண்டும் என்பதை மகளுக்குச் சொல்கிறேன், இதை அவளிடம் காட்டுங்கள்.

மிதவையைப் படகில் ஏற்றியதும் எல்லோருக்கும் தோன்றுவது, ஒட்டியிருக்கும் கொட்டலசையும் பாசியையும் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்பதுதான். அதைச் செய்யாதே, மகளே. முதலில் நாலு பக்கமும் போட்டோ. பிறகு அழுக்கோடு இருக்கும் சென்சாரையும், கரையில் சரிபார்த்த இன்னொரு சென்சாரையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்து இரண்டின் அளவையும் குறி. அதன் பிறகு கழுவு. கழுவிய பின் மறுபடியும் அதே ஒப்பீடு. முதல் வித்தியாசம் பாசியால் வந்ததும் சென்சார் தடம் மாறியதும் சேர்ந்தது. இரண்டாவது சென்சாருடையது மட்டும். இந்த நாலு எண் இல்லாவிட்டால் கடந்த ஆறு மாத உப்புத்தன்மைத் தரவில் எதை நம்புவது, எதைத் திருத்துவது என்று கரையில் இருப்பவருக்கு வழியே கிடையாது. அவசரத்தில் கழுவிவிட்டால் ஆறு மாதச் செலவு அந்தப் பிரஷ்ஷோடு போயிற்று.

அடுத்தது ஓ-ரிங், அதாவது கருவிப் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். பெட்டியைத் திறந்தால் பழையதை மறுபடி போடக் கூடாது, புதிதுதான். பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைத்து, சிலிகான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். கிரீஸ் அதிகமானால் தூசியும் மணலும் அதில் ஒட்டும். குறுக்கே ஒரு தலைமுடி கிடந்தாலும் உப்புத்தண்ணீர் உள்ளே வர வழி கிடைத்துவிடும். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதை நினைவில் வை. மூடும்முன் உள்ளே புது சிலிக்கா ஜெல் பை. ஸ்டீலும் அலுமினியமும் கடல்நீரில் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும், நடுவில் நைலான் வாஷர் வேண்டும். மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்று. நங்கூரக் கயிற்றை இணைக்கும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தின் முள்ளில் கம்பி கட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார், கண்ணால் பார்த்தால் போதாது. நங்கூரம் அறுந்தால் மிதவையைத் தேடுவதற்கே படகுச் செலவு ஏறிவிடும்.

வேலையில் சேரும்முன் வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு, காசு செலவில்லை. ஆர்கோ தரவு முழுக்க இலவசம். நங்கூரம் இல்லாத ஆர்கோ மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துபோய், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பும். அரபிக்கடலில் ஒரு மிதவையைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடத் தரவை இறக்கு. பைத்தானில் 1,900 மீட்டருக்குக் கீழே உள்ள உப்புத்தன்மையை மட்டும் எடுத்து வரைபடமாகப் போடு. இரண்டு வருடத்துக்கு 73 புள்ளிகள் அளவில் வரும். அந்த ஆழத்தில் உப்பு அநேகமாக அசையாது. கோடு ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் கடல் மாறவில்லை, சென்சார் மாறுகிறது. கடந்த பத்தாண்டில் பல ஆர்கோ மிதவைகளில் இதே மாதிரி உப்பளவு ஏறியதை விஞ்ஞானிகள் இப்படித்தான் கண்டுபிடித்து, தயாரிப்பாளரோடு சேர்ந்து காரணம் தேடினார்கள். அரசு, தனியார் கூட்டு உண்மையில் பயன் தந்த இடம் அது. தரவோடு வரும் குறிகளையும் படி: 1 என்றால் நல்லது, 4 என்றால் தள்ளுபடி. முதலில் எல்லாக் குறிகளையும் மறைத்துவிட்டு நீயே தீர்ப்பு சொல், பிறகு ஒப்பிடு. அடுத்த இன்டர்வியூவில் இந்த ஒரு வரைபடத்தைக் காட்டுவது பத்து சர்டிபிகேட்டுக்குச் சமம்.

அம்மா, மறுபடி உங்களிடம் வருகிறேன். இந்தத் திட்டம் முடிந்தாலும் இதே திறமைக்கு மும்பைப் பக்கம் வேலை உண்டு. மும்பை ஹை எண்ணெய்க் களம், துறைமுகத் தூர்வாரல், கேபிள் பாதை சர்வே எல்லாமே அலையும் நீரோட்டமும் அளக்காமல் நடக்காது. தஹாணு அருகே வாத்வன் துறைமுகத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, திட்டச் செலவு 76,220 கோடி. மேற்படிப்பு என்றால் இரண்டு வருடம் கழித்து கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. சென்னை, காரக்பூர் கடல் பொறியியல் துறைகளுக்கு முயலலாம். விஞ்ஞானப் பக்கம் போக விருப்பமென்றால் கொச்சியில் குசாட் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம். இப்போதே எம்.டெக். சேர்வதைவிட, உப்புத்தண்ணீரில் கை நனைந்த பிறகு படித்தால் பாடம் புரியும் என்பது என் அபிப்பிராயம்.

பயிற்சிச் செலவில் ஏமாற வேண்டாம். கடலுக்குப் போகுமுன் உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி அடங்கிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி தேவைப்படலாம். மத்திய அரசின் கப்பல் துறை அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங்கின் அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று அவர்கள் இணையதளப் பட்டியலில் பாருங்கள். ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சியோடு சேர்ந்த போசியட் என்பது எண்ணெய் மேடைகளுக்குப் போகிறவர்களுக்கானது. நாலு வருடம் செல்லும், கட்டணமும் அதிகம். மிதவைக்குப் படகில் போகிறவளுக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை. எது தேவையோ அதை நிறுவனமே கட்டட்டும். நியமனக் கடிதம் வரும்முன் 'கோர்ஸ் முடித்தால் வேலை நிச்சயம்' என்று பணம் கேட்கும் ஏஜென்ட் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

பெண் பிள்ளை என்ற பயத்துக்குக் கேட்க வேண்டியவை வேறு. படகில் இன்னொரு பெண் இருப்பாளா, இரவு தங்கினால் தனி கேபினும் உள்பக்கத் தாழ்ப்பாளும் கழிப்பறையும் உண்டா, படகில் சாட்டிலைட் போன் உண்டா என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் பட்டியலைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். விபத்து இன்ஷூரன்ஸ் கடலில் நடப்பதற்கும் பொருந்துமா என்பதை பாலிசி நகலில் பாருங்கள், சில பாலிசிகளில் கரையோடு நின்றுவிடும். பி.எஃப். பிடித்தம் இருக்கிறதா என்பதையும்.

வாந்தி மயக்கம் தாங்குவாளா என்று சோதிக்க எலிஃபன்டா படகு போதாது, அது துறைமுகத்துக்குள்ளேயே போய் வருவது. முதல் பயணம் ஒரே பகலில் முடிவதாக இருக்கட்டும் என்று நிறுவனத்திடம் கேட்கலாம். டாக்டரைக் கேட்டு மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இரண்டு இட்லி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம்.