வாங்குமுன் கேளுங்கள்: ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் ஒரு சைக்கிள்

சரளையிலும் மண் பாதையிலும் ஓட்டுவதற்கென்றே அகலமான டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் வைத்துச் செய்யப்படும் கிராவல் சைக்கிளைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பழைய வட ஆற்காட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. சுருக்கித் தருகிறேன்.

லாரி இரைச்சல் இல்லாமல் ஞாயிறு காலையில் அமிர்தி பக்கமும் ஏரிக்கரைகளிலும் ஓட்ட ஆசை. 70,000 ரூபாய் கிராவல் சைக்கிள்தான் சரிப்படும் என்கிறார் கடைக்காரர். நேரான ஹேண்டில்பார் வைத்த 25,000 ரூபாய் ஹைபிரிட் சைக்கிள் போதாதா? – வாசகர், காட்பாடி

போதும். அமிர்தி வரை தார்ச்சாலைதான். நீங்கள் சொல்லும் சரளையும் செம்மண்ணும் ஏரிக்கரை மேலும், அடிவாரத்து ஊர்களுக்கு நடுவிலும்தான் வரும். கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்தச் சைக்கிளின் சட்டத்தில் (ஃப்ரேம்) எத்தனை மில்லிமீட்டர் டயர் நுழையும் என்று கேளுங்கள். 40 நுழைய வேண்டும், அதற்கு மேலும் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை ஏரிக்கரையில் ஓட்டினால் காரணம் புரியும். களிமண் டயரில் அப்பி, சட்டத்தின் இடுக்கில் செங்கல்லாக இறுகி, சக்கரத்தைச் சுற்றவே விடாது. குச்சியால் நோண்டி எடுத்து, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நான் கரை இறங்கியிருக்கிறேன்.

டிஸ்க் பிரேக்கும் அந்த இடைவெளியும் ஹைபிரிடில் இருந்தால் அதையே வாங்குங்கள். வாரம் தவறாமல் 60, 70 கிலோமீட்டர் ஓட்டும் பழக்கம் வந்த பிறகு வளைந்த ஹேண்டில்பாரைப் பற்றி யோசிக்கலாம். அதில் கையை மாற்றி மாற்றி வைக்க இடம் உண்டு, நெடுந்தூரத்தில் அது பெரிய உதவி.

விழுந்ததில் ஹெல்மெட்டின் உட்பக்கம் கீறல் விட்டிருக்கிறது. பசை போட்டு ஒட்டலாமா? – வாசகர், சத்துவாச்சாரி

கூடாது. அந்த நுரை ஓர் அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, தாங்கிவிட்டது. இன்றே புதிது வாங்குங்கள்.

ஆன்லைனில் வாங்கிய சைக்கிளை ஒன்பதாம் நாள் மோர்தானா அணைப் பக்கம் ஓட்டிச் சென்றேன். முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையில், பற்றவைப்பு ஓரமாக முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. "திருப்பித் தர ஏழு நாள்தான், முடிந்துவிட்டது" என்கிறார்கள். 32,000 ரூபாய், ஓராண்டுச் சேமிப்பு. – வாசகி, குடியாத்தம்

அம்மா, முதலில் அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள். ஓட்டத்தில் கவை முறிந்தால் முகம்தான் தரையில் மோதும்.

பணம் போய்விட்டது என்று மனம் தளர வேண்டாம். பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்குத்தான் அந்த ஏழு நாள் கெடு. பொருளே பழுதாக வந்திருந்தால் உங்கள் உரிமை ஏழு நாளில் தீராது. முறையிட இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். சைக்கிள் சட்டத்தில் பொறித்திருக்கும் எண் தெரியும்படி இன்னொரு படம். இரண்டையும் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. எந்தக் கட்டத்தில் தடுத்தாலும் எனக்கு எழுதுங்கள், மனுவை எழுத நான் உதவுகிறேன்.

பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம் என்றார்கள். 38,000 ரூபாய் சைக்கிளைப் பில் இல்லாமல் வாங்கினேன். மூன்றே வாரத்தில் கியர் மாறவில்லை. "எங்கள் கடையில் வாங்கியதா?" என்று கேட்கிறார்கள். – வாசகர், ஆரணி

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 1,900 ரூபாய்க்காக 38,000 ரூபாய்க்கான ஒரே சான்றை நீங்களே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கடைக்காரர் செய்தது தவறு. தெரிந்தே அதற்கு உடன்பட்டதும் தவறு. கைப்பேசியில் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள், அதை வைத்துப் பேசிப் பார்க்கலாம். ரொக்கம் கொடுத்திருந்தால் சொந்தச் செலவில் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். மாதத்துக்கு இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது, எத்தனை முறை எழுதுவது?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஓட்டினால் போகும்போது ஒரு பஞ்சர், வரும்போது ஒரு பஞ்சர். டியூப்லெஸ் மாற்றினால் தீருமா? – வாசகர், வாலாஜாபேட்டை

பெருமளவு தீரும். சீமைக்கருவேல முள் குத்தும் ஓட்டையை உள்ளே ஊற்றும் திரவம் தானே அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றத்தான் வேண்டும். உங்கள் ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டயரைக் கழற்றி, உட்பக்கம் முழுக்க ஒரு பஞ்சுத் துண்டால் மெல்லத் தடவுங்கள். பஞ்சு இழை மாட்டுகிற இடத்தில் முள்ளின் நுனி முறிந்து நிற்கும். அதைப் பிடுங்காமல் டியூபை மட்டும் மாற்றியிருந்தால், வரும்போது ஆன பஞ்சரும் போகும்போது குத்திய அதே முள்தான்.

மகனுக்கு 14 வயது. வளரும் பிள்ளை என்பதால் பெரிய அளவாகவே வாங்கிவிடலாமா? சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். – வாசகி, ஆம்பூர்

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், சட்டத்தின் நீளத்தைக் குறைக்க முடியாது. கடையில் மீந்து நிற்பது எந்த அளவோ அதைத் தள்ளிவிடச் சொல்லும் வார்த்தை இது. செருப்புக் கடையில் இரண்டு எண் பெரிதாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோமா? சைக்கிளில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்?

எனக்கு ஏற்ற சட்டத்தின் அளவு 52 சென்டிமீட்டர். தள்ளுபடி 12,000 ரூபாய் என்றதும் 56 ஐ வாங்கினேன். அன்றும் கடைக்காரர் சொன்னது இதே சீட்டுக் கதைதான். ஹேண்டில்பார் எட்டாமல் உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கியது. ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், சட்டைப் பொத்தான் போட முடியாது. பிரேக் பிடிக்கும் விரலில் உணர்வு இல்லாமல் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஒருநாள் இறங்கினேன். இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டுப் பாதி விலைக்கு விற்றேன்.

பையனைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சைக்கிளின் மேல் குழாய்க்கு இருபுறமும் காலை ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்து, குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அடுத்து, சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு ஆண்டில் வளர்ந்துவிட்டான் என்றால் அப்போது விற்றுவிட்டு வேறு வாங்கலாம். பொருத்தமான சைக்கிளை ஓட்டுகிற பிள்ளைதான் ஓட்டிக்கொண்டே இருப்பான்.

"ஜவ்வாது மலையில் வாகனமே வராத காட்டுப் பாதையில் இரண்டு நாள் சைக்கிள் பயணம்" என்று விளம்பரம். ஆளுக்கு 6,500 ரூபாய் கட்டினோம். ஜமுனாமரத்தூர் பஸ் சாலையிலேயே ஓட்டவைத்தார்கள். காட்டுக்குள் திரும்பியதும் வனக்காவலர் நிறுத்தி, அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். – நான்கு நண்பர்கள், வேலூர்

சொன்னதைத் தராதது சேவைக் குறைபாடு. அனுமதி வாங்காமல் உங்களை அழைத்துப் போனது அதைவிடப் பெரிய குற்றம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி தண்டனைக்குரியது, அன்று வழக்குப் பதிவாகியிருந்தால் உங்கள் பெயரும் அதில் இருந்திருக்கும். விளம்பரத்தை அழிப்பதற்குள் படம் பிடித்து வையுங்கள். பணம் கட்டிய பதிவோடு, நால்வரும் சேர்ந்து முழுத் தொகையையும் கேட்டு எழுதுங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். தரவில்லை என்றால் ஆணையம்தான். இனி எவரிடம் கட்டுவதானாலும் வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கல்லூரி முடித்துப் போகிற மாணவரிடம் பழைய கிராவல் சைக்கிள் விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், பாகாயம்

பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் சட்ட எண், பழைய பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். செயினில் 12 முழுக் கண்ணிகளை (உள்தட்டும் வெளித்தட்டும் சேர்ந்தது ஒன்று) அளந்து பாருங்கள், சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தாலே செயின் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். திருட்டுப்போன சைக்கிளுக்காக எங்கோ ஒரு பையன் இன்னும் தேடிக்கொண்டிருப்பான்.